கருப்பா அடிக்குதுங்க

வாங்க தம்பி, வாங்க. செருப்ப அங்கயே விட்டுட்டு வந்தாப் போதுமுங்க. கம்பெனியில இருந்துதானுங்களே? காத்தால எட்டு மணியில இருந்து வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கறேன். போன் போட்டா "இஞ்சினியர் கிளம்பிட்டாருங்க சார்"ங்கறாங்க. ஒன்பதுக்கும் கிளம்பிட்டாரு, பதினொண்ணுக்கும் கிளம்பிட்டாரு. நான் பஸ் டெப்போவுல முப்பத்திரண்டு வருசம் டைம் கீப்பரா இருந்தவனுங்க. வண்டி கிளம்புச்சுன்னா கிளம்புச்சு, இல்லைன்னா இல்லை. கிளம்பாத வண்டிய கிளம்புச்சுன்னு ஒரு நாளும் எழுதுனது கிடையாது. இப்ப மணி ரெண்டே கால். நாலு மணிக்குத் தரகர் வர்றாரு. அதுக்குள்ள இந்த மிஷின் சரியாகோணும்.

அதுதானுங்க மிஷின். டீவிய அக்கட்டால நகத்திட்டு இதுக்கு எடம் பண்ணியிருக்கறோம். கலர் லேசரு. பிரிண்ட், காப்பி, ஸ்கேன் மூணும் ஒண்ணுலயே. வாங்கி இன்னும் அம்பது நாளாகலை, இது மூணாவது கம்ப்ளைண்ட். என்ன கம்ப்ளைண்ட்டுங்களா? கருப்பா அடிக்குதுங்க. இல்லீங்க, எழுத்து இல்லை. எழுத்து கருப்பாத்தானே இருக்கோணும்? ஆளுங்க. ஆளைக் கருப்பா அடிக்குது.

போன்ல ஒரு அம்மிணி எடுத்துச்சு. "கலர் வரலீங்களா சார்"னு கேக்குது. "கலரு வருதும்மா, ஆனா கலரா வரமாட்டேங்குது"ன்னு சொன்னேன். "சார், கலர் வருதுங்களா, வரலீங்களா?" "வருது, ஆனா கலரா இல்லை." இப்படியே பத்து நிமிசம். அந்தப் புள்ளை சென்னையோ என்னமோ, அதுக்கு ஒண்ணும் வெளங்கலை. கடைசியில "கஸ்டமர் டென்சனா இருக்காரு"ன்னு யார்கிட்டயோ சொன்னது எனக்கே கேட்டுச்சுங்க. ஆமா, டென்சன்தான். கலர் மிஷின்னு அத்தனை காசக் குடுத்து வாங்குனா, கலரா அடிக்கோணுமா இல்லையா?

நீங்க மூடியத் தொறந்து பாருங்க. முன்ன வந்தவரும் இப்படித்தான், நாலு பட்டன அமுத்திட்டு, "மிஷின் நல்லாருக்குது சார்"னு பையத் தூக்கிட்டுக் கிளம்பப் பாத்தாரு. நல்லாருக்கற மிஷினுக்கு நான் எதுக்குங்க போன் பண்றேன்? எனக்கு வேற சோலி இல்லையா? தெய்வான, தம்பிக்குத் தண்ணி கொண்டா. அதென்ன? மெல்லப் பேசோணுமா? என் ஊட்டுல நான் எதுக்கு மெல்லப் பேசறது? பொண்ணு உள்ள படுத்திருக்குதுங்க தம்பி, தலைவலின்னு லீவு போட்டுட்டா. அதுக்குத்தான் ஊட்டுக்காரி சொல்றா. கேட்டாக் கேக்கட்டும். நான் என்ன தப்பாவா பேசறேன்?

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எனக்கு ஒரே பொண்ணுங்க. கோகிலவாணி. பி.எஸ்சி கெமிஸ்ட்ரி. இங்க திருப்பூர்லயே ஒரு சாயப்பட்டறை லேப்ல எட்டு வருசமா வேலை. என்ன வேலைன்னா, சாயம் போட்டு வர்ற துணி, துணி வாங்கற பையர் அனுப்புன சாம்பிள் துணியோட அதே கலருதானான்னு பாத்துச் சொல்லோணும். ஷேடு பாக்கறதும்பாங்க. நமக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், அவ வேண்டாமுன்னுருவா. அவ பாஸ் போட்டாத்தான் லாரி கிளம்பும். மொதலாளியே அவகிட்ட எதுத்துப் பேச மாட்டாருன்னா பாத்துக்கங்களேன். அது கிடக்கட்டும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. முப்பது முடியுதுங்க. அஞ்சு வருசமா மாப்பிள்ளை பாக்கறோம்.

ஜாதகம், போட்டோ, படிப்பு, குலம், கோயில் எல்லாம் ஒரே பேப்பர்ல போட்டு அடிச்சுக் குடுக்கறதுதானுங்களே இப்ப வழக்கம். அதை நான் பழைய பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு ஜெராக்ஸ் கடையில குடுத்து அடிப்பேன். மூணு வருசமா அதே கடை. போன தையில தாராபுரத்துல இருந்து ஒரு எடம் வந்துச்சுங்க. பையன் கவருமெண்டு. ஜாதகம் பொருந்தி, பேப்பர் புடிச்சு, நேர்ல பாக்க வந்துட்டாங்க. பதினோரு பேரு. கோகிலா வந்து கும்புட்டுட்டு நின்னா. அந்தப் பையனோட அம்மா, கையில இருக்கற பேப்பரப் பாக்குது, பொண்ணைப் பாக்குது, பேப்பரப் பாக்குது, பொண்ணைப் பாக்குது. எங்க டெப்போவுல கண்டக்டரு பாஸைப் பாத்துட்டு மூஞ்சியப் பாப்பாரே, அப்படி. பாத்துட்டு, "போட்டோவுல நல்ல கலரா இருந்துச்சுங்களே"ன்னுச்சு. சபையில வெச்சு. காப்பி டம்ளர எடுத்தவங்க அப்படியே கீழ வெச்சுட்டாங்க. வெளிய போகையில அந்தப் பையனோட பெரியப்பன் எங்கிட்ட வந்து, "இப்படி ஏமாத்தக் கூடாதுங்க"ன்னாரு.

என்னையங்க! என்னைப் பாத்து ஏமாத்துக்காரன்னாரு. முப்பத்திரண்டு வருசத்துல ஒரு நிமிசம் மாத்தி எழுதாதவன் நானு.

நேரா ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். என்னடா பண்ணுனேன்னு கேட்டா, சிரிக்கறான். "பொண்ணு போட்டோ எது வந்தாலும் வெளுப்பா ரெண்டு பாயிண்ட் ஏத்தித்தானுங்க அடிப்போம், அதுக்குத் தனியா சார்ஜ் இல்லை"ங்கறான். ஊருல இருக்கற பொண்ணுகளுக்கெல்லாம் ரெண்டு பாயிண்ட்! மூணு வருசமா என் பொண்ணை ஏத்தி ஏத்தி அடிச்சுக் குடுத்திருக்கறான், எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாதுங்க. போட்டோ நல்லா இருக்குதுன்னு நெனைச்சேன், அவ்வளவுதான். அன்னிக்கே முடிவு பண்ணுனேன். இனி எவன் கடையிலயும் அடிக்கறதில்லை. ஊட்டுல ஒரு மிஷின் வாங்கிப் போடறது, உள்ளது உள்ளபடி அடிச்சுக் குடுக்கறது.

வாங்கோணுமுன்னு போனாத்தான் தெரியுது, அது எத்தனை பெரிய ரோதனைன்னு. மொதக் கடைக்காரன் இங்க் ஊத்தற மிஷினக் காட்டறான். போட்டோவுக்கு இதுதானுங்க நல்லதுங்கறான். எனக்குத் தெரியாதுங்களா? அவிநாசியில என் மச்சான் ஊட்டுல அதுதான் இருக்குது. ரெண்டு மாசம் சும்மா வெச்சான், இங்க் காஞ்சு அடைச்சுக்குச்சு. தெனம் ஒரு பேப்பராச்சும் அடிக்கோணுமாமா. நான் தெனம் எதைங்க அடிக்கறது? நமக்கு வேலையே ஒரு எடம் வந்தாத்தான். ஒரு மாசத்துல மூணு எடம் வரும், அப்பறம் ஆடி முழுக்க ஒண்ணும் வராது. லேசருன்னா பவுடருங்க, காயாது, ஆறு மாசம் கழிச்சுத் தட்டுனாலும் அடிக்கும். அதனால லேசருன்னு முடிவு பண்ணுனேன்.

ரெண்டாவது கடையில, "ஜாதகந்தானுங்களே, கருப்பு மட்டும் அடிக்கற லேசர் போதுமே"ங்கறான். கருப்பு போதுமாமா! எனக்கு எப்படி இருந்திருக்குமுன்னு நெனைக்கறீங்க? அப்பறம் ரெண்டு பக்கமும் தானாவே அடிக்கும், பேப்பர் மிச்சமுங்கறான். ஜாதகத்துக்குப் பின்னாடி யாருங்க எதையாச்சும் அடிப்பாங்க? அப்பறம் இந்த மேல இருக்கற தட்டுல கட்டாப் பேப்பரு வெச்சா ஒவ்வொண்ணா இழுத்துக் காப்பி எடுக்குமுன்னு, என் கையில இருந்த ஒரு சேலத்துப் பையனோட ஜாதகத்த வாங்கி உள்ள விட்டான். பழைய நோட்டுப் பேப்பரு. அது உள்ள போயி மடிஞ்சு சிக்கி, கசங்கி வந்துச்சு. தரகர் கையில அதைக் குடுத்தனுங்க. மூஞ்சியத் தூக்கிட்டாரு. "கசங்குன ஜாதகத்த எப்படிங்க திருப்பிக் குடுக்கறது, அந்த எடம் போச்சுன்னு வெச்சுக்கங்க"ன்னுட்டாரு. அதனால கண்ணாடி மேல வெச்சு எடுக்கற ஸ்கேனரு கட்டாயம் வேணும். லேசர் வேணும், கலர் வேணும், கண்ணாடி வேணும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரலைங்க, நானா அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

ஆனா முக்கியமானது எது? மூஞ்சி. எந்த மிஷினு மூஞ்சிய உள்ளபடி அடிக்குதுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது? அதுக்குத்தான் ஒரு வழி பண்ணுனேன். கோகிலா போட்டோவ பென் டிரைவுல போட்டுக்கிட்டு, ஒவ்வொரு கடையிலயும் அங்க இருக்கற மிஷின்ல அடிச்சுக் காட்டச் சொல்றது. இங்க நாலு கடை. எல்லாத்துலயும் ஒரே மாதிரி, கருப்பு. ஒவ்வொருத்தன் மிஷினும் கோளாறு. சரி, கோயமுத்தூர்ல பெரிய ஷோரூம் இருக்குது, அங்க போயிப் பாப்போமுன்னு ஒரு ஞாயித்துக்கெழமை கிளம்புனேன். கோகிலாவையும் கூட்டிட்டுப் போனேன். எதுக்குன்னா, ஆளையும் பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தானே சரியாத் தெரியும்? அவளுக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தான் லீவு. வரமாட்டேன்னா. நான்தான், உனக்காகத்தானே அம்மிணி அலையறேன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன்.

பெரிய எடமுங்க. ஏசி. ஏழு மிஷின் வரிசையா. ஏழுலயும் அடிக்கச் சொன்னேன். ஒவ்வொண்ணா வர வர, கோகிலாவ ட்யூப்லைட்டுக்குக் கீழ நிறுத்தி, பேப்பர அவ கன்னத்துக்குப் பக்கத்துல புடிச்சுப் பாத்தேன். கொஞ்சம் திரும்பு அம்மிணின்னு இந்தப் பக்கமும் பாத்தேன். கடையில வேலை செய்யறவங்க ஒரு நாலஞ்சு பேரு கூடிட்டாங்க. ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க. ஒருத்தன், "மேடம் கொஞ்சம் பவுடர் போட்டுட்டு நின்னாக் கரெக்டாத் தெரியுமுங்க"ன்னான். நல்லதுக்குத்தான் சொன்னான். கோகிலா எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னா. "அப்பா, இந்த லைட்டுல பாத்தா எந்த ஷேடும் தெரியாதுங்கப்பா. வெளிய வெயில் வெளிச்சத்துல கொண்டு போயிப் பாக்கோணும்." நான் அதட்டிட்டேன். துணி பாக்கறது வேற, இது வேற, நீ சும்மா நில்லுன்னேன். அவளுக்கு என்னங்க தெரியும் பிரிண்டரப் பத்தி?

ஆறு மிஷின்லயும் அதே கருப்பு. ஏழாவது, மூலையில கிடந்த இந்த மாடலு. அடிச்சு வந்துச்சு பாருங்க தம்பி, ஆஹா. மூஞ்சி அப்படியே பளிச்சுன்னு. எடுத்த உடனே சொல்லிட்டேன், இதுதான் சரியா அடிக்கற மிஷினு, இதையே பில்லுப் போடுங்கன்னு. அங்கயே இருந்து பெட்டியக் கட்டி வாங்கிட்டு பஸ் ஏறிட்டோம்.

பஸ்ல வரும்போது, பெட்டி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. கருமத்தம்பட்டி தாண்டுனதும் கேக்கறா, "அப்பா, உங்களுக்கு நான் எந்தக் கலர்ல இருந்தாப் புடிக்கும்?" என்ன கேள்விங்க அது? "எனக்கென்ன கண்ணு, வர்றவங்களுக்குப் புடிக்கோணும்"னு சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்? அதுக்கப்பறம் ஜன்னல் கம்பியில தலையச் சாய்ச்சுக் கண்ண மூடிக்கிட்டா. ஏசியில நின்னது ஒத்துக்கலையோ என்னமோ.

அதென்னங்க நீங்க மிஷினப் பாக்காம என்னையே பாக்கறீங்க? பாருங்க, பாருங்க. அந்தச் செவப்பு டப்பா, மஞ்ச டப்பா எல்லாம் நல்லாத்தான் இருக்குதா? மஞ்சன்னதும் ஞாபகம் வருது. மொதக் கம்ப்ளைண்ட் அதுதான். ஊட்டுக்கு வந்து, நல்ல நாள் பாத்து மொதப் பேப்பரு அடிச்சா, நாலு மூலையிலயும் மஞ்ச மஞ்சயாத் தீத்தல். அடுத்த பேப்பர்ல மூஞ்சி மேல ஒரு கோடு. என்னடா மிஷினு புதுசுலயேன்னு கம்ப்ளைண்ட் போட்டேன். அந்த இஞ்சினியர், கிளம்பப் பாத்தவரு, நான் விடலைன்னதும் உள்ள கைய விட்டு எடுக்கறாரு, கை பூராம் மஞ்ச. "சார், இது டோனர் இல்லீங்க, வாசம் வருது"ங்கறாரு. மோந்து பாத்தா, மஞ்சத்தூள்! யாரு பண்ணுனதுன்னு நெனைக்கறீங்க? இந்த மகராசிதான். ஜாதகப் பேப்பர்ல நாலு மூலைக்கு மஞ்ச தடவித்தானே குடுக்கறது? அடிச்சதுக்கப்பறம் தடவறதுக்கு மறந்துருமோன்னு, வெத்துப் பேப்பரு கட்ட எடுத்து ஒரு நூறு பேப்பருக்கு மூலைக்கு மூலை தடவி, தட்டுல அடுக்கி வெச்சுட்டா. மங்களமா இருக்கட்டுமுன்னு. உள்ள போன சூட்டுல மஞ்ச பூராம் உருளையில ஒட்டிக்கிச்சு. அந்த இஞ்சினியர் சிரிச்சுட்டே தொடச்சுட்டுப் போனாரு. சிரிக்காதீங்க, நீங்களும் சிரிக்கறீங்க.

மஞ்ச போனதுக்கப்பறம் அடிச்சேன். கருப்பு. ஷோரூம்ல பளிச்சுன்னு வந்த அதே போட்டோ, அதே மாடலு, ஊட்டுல கருப்பு. ரெண்டாவது கம்ப்ளைண்ட் போட்டேன். போன்லயே ஒருத்தன், செட்டிங்ஸ்ல போயி லைட் ஏத்துங்கன்னான். அஞ்சு ஏத்துனேன். மூஞ்சி வெளுத்துச்சு, பொட்டும் வெளுத்துச்சு, புருவத்தக் காணோம். மூஞ்சி வெளுத்தாப் பரவாயில்லை, கீழ இருந்த ராசிக் கட்டமும் வெளுத்து, அதுல ஏழாம் எடத்துல இருந்த சனி காணாமப் போயிருச்சுங்க! அதைக் கவனிக்காமத் தரகர்கிட்டக் குடுத்துட்டேன். அவரு ஜோசியர்கிட்டக் காட்டிட்டு, "அருமையான ஜாதகமுங்க, ஒரு தோசமும் இல்லை"ன்னு ரெண்டு எடத்த ஒரே நாள்ல கொண்டு வந்தாரு. அப்பறம் உண்மை தெரிஞ்சு, அவங்களும் என்னைத்தான் கேக்கறாங்க, "ஏனுங்க இப்படி மறைச்சீங்க?"ன்னு. சனிய நானுங்களா மறைச்சேன்?

இப்ப காங்கேயத்துல இருந்து ஒரு எடம். பேங்க்குல வேலை. நல்ல குடும்பம். நாலு மணிக்குத் தரகர் வந்து பேப்பர வாங்கிட்டு நேரா அங்க போறாரு. நேத்து சாயங்காலம் செட்டிங்ஸ எல்லாம் பழையபடி மாத்தி ஒண்ணு அடிச்சேன். அதே கருப்பு. நான் கத்திட்டு இருக்கறப்ப கோகிலா வேலை முடிஞ்சு வந்தா. பேப்பரக் கையில எடுத்துட்டு வாசலுக்குப் போயி வெளிச்சத்துல பாத்தா. திரும்பி வந்து சொல்றா, "அப்பா, இது சரியா இருக்குதுங்கப்பா. குடுக்கறதுன்னா இதையே குடுங்க. இதுல ஒரு பாயிண்ட் மாத்துனாலும், இனிமே எந்தப் பேப்பரும் வேண்டாம். யாரு வந்தாலும் நான் வெளிய வந்து நிக்க மாட்டேன்." சத்தம் போட்டுச் சொல்லலைங்க. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். சொல்லிட்டு உள்ள போனவதான். தலைவலி. காத்தால இருந்து ரெண்டு இட்லிதான் தின்னாளாம். இதுல என் தப்பு என்னங்க இருக்குது? மிஷின் தப்பு. அதைத்தானே சரி பண்ணுங்கன்னு உங்களக் கூப்பிட்டேன்?

என்னங்க? முடிஞ்சுதுங்களா? எல்லாம் சரியா இருக்குதா? டெஸ்ட் பேப்பர்ல நாலு கலரும் சுத்தமா வருதா? அப்ப ஷோரூம்ல மட்டும் எப்படிங்க பளிச்சுன்னு வந்துச்சு?

என்ன சொல்றீங்க? ஒருக்கா நிறுத்திச் சொல்லுங்க. ஷோரூம் மிஷின்ல டோனர் தீந்து போயிருந்திருக்குமா? பவுடரு கம்மியானதுனால மங்கலா அடிச்சிருக்குதா? அதத்தான் நான் பளிச்சுன்னு நெனைச்சுட்டேனா? ஏழு மிஷின்ல ஆறு நல்லா இருந்து, தீந்து போன ஒண்ணைப் பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்தேங்கறீங்க.

இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

இல்லீங்க, நான் ஒத்துக்க முடியாது. நீங்களும் கம்பெனிக்காரரு, கம்பெனிய விட்டுக் குடுக்க மாட்டீங்க. போட்டோவ எப்படி எடுத்தானோ, அதை வெச்சுச் சொல்ல முடியாதுங்கறீங்களா? நேரா ஆளை வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சுருமா? அவளைக் கூப்பிட்டா வரமாட்டாளுங்களே. என் கையா? கைய எதுக்கு? கண்ணாடி மேல வெக்கோணுமா? இப்படியா? ஓ, மல்லாத்தி, புறங்கை கீழ இருக்கற மாதிரி. சரி. அசையக் கூடாது. ஆமா, லைட்டு ஓடுது. சூடு ஒண்ணும் இல்லையே. ம்.

வருது. குடுங்க.

அட. என் கையேதானுங்க. டெப்போவுல ஷட்டர் மேல விழுந்து தையல் போட்டது, இந்தா, அந்தத் தழும்பு கூட இருக்குது. நரம்பு, நகத்துல சுண்ணாம்பு, எல்லாம். பக்கத்துல வெச்சுப் பாத்தா எது கை எது பேப்பருன்னே தெரியலை. வாசலுக்கு வாங்க, வெளிச்சத்துல பாப்போம். ஆமாங்க. அச்சு அசலா இருக்குது. துளி வித்தியாசமில்லை. இது சரியா அடிச்சிருக்குது தம்பி. தெய்வான, இங்க வா, இதப் பாரு.

என்ன சொன்ன?

கேட்டீங்களா தம்பி. "அம்மிணி கைக் கலரு அப்படியே"ங்கறா.

ஆமாங்க. என் கலருதான் அவளுக்கு. அவ அம்மா செவப்பு, பாக்கறீங்கல்ல. பொறந்தப்ப ஆஸ்பத்திரியில எங்கக்கா தூக்கிட்டு வந்து, "அப்பனை உரிச்சு வெச்சிருக்குது"ன்னு குடுத்துச்சு. எனக்கு அன்னிக்குக் கால் தரையில நிக்கலை. டூட்டிக்குப் போயி டிரைவரு கண்டக்டரு எல்லாருக்கும் மிட்டாய் குடுத்து, என்னை உரிச்சு வெச்சிருக்கறா, என்னை உரிச்சு வெச்சிருக்கறான்னு சொல்லிட்டே இருந்தேன். எனக்குப் பொண்ணு குடுக்கறப்ப இவங்க ஊட்டுல எங்கிட்டக் கேட்டது ரெண்டே கேள்விதானுங்க. வேலை பர்மனெண்ட்டா, சம்பளத்த ஊட்டுல குடுப்பீங்களா. கலரு கேக்கலை. இந்த அறுபத்திரண்டு வருசத்துல எவனும் எங்கிட்டக் கலரு கேக்கலைங்க தம்பி. நான் மட்டும் ஏழு மிஷினுக்கு முன்னாடி அவளை நிறுத்தி...

அந்தச் சேர இப்படிப் போடுங்க தம்பி. ஒண்ணுமில்லை. உக்காந்தாச் சரியாயிரும்.

அது என்ன பேப்பரு? சர்வீஸ் சீட்டா? நீங்களே எழுதிக்கங்க, எனக்குக் கண்ணாடி எங்க இருக்குதுன்னு தெரியலை. மாடல் நம்பர் பின்னாடி இருக்கும். தேதி போட்டுட்டீங்களா? கஸ்டமர் பேரா? என் பேரு இல்லீங்க. பில்லு அவ பேர்லதான் இருக்குது. அவதான் வாங்கிக் குடுத்தா, எட்டு மாசத் தவணையில. நான் இத்தனை நேரம் நான் வாங்குனேன்னுதான் சொல்லிட்டு இருந்தனா? பெட்டியத் தூக்கிட்டு வந்தது நானு, அதனால வாய்ல அப்படி வந்துருச்சு. கோகிலவாணின்னு எழுதுங்க.

அடுத்து என்ன? குறையா? குறைன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களா? கருப்பா அடிக்குதுன்னு ஆபீஸ்லயே எழுதி அனுப்பியிருக்கறாங்களா? அடிச்சுருங்க அதை. நல்லா அடிங்க, படிக்க முடியாத மாதிரி. குறை ஒண்ணும் இல்லைன்னு எழுதுங்க. எழுதிட்டீங்களா? ஒருக்கா வாசிங்க.

ம். இன்னொருக்கா வாசிங்க தம்பி.

கையெழுத்து நான் போடக் கூடாதுங்களா? பில்லுல இருக்கறவங்கதான் போடோணுமா? சரி. நாலு மணிக்குத் தரகர் வந்தா நேத்து அடிச்ச பேப்பரத்தான் குடுக்கப் போறேன், அந்தக் கருப்பா வந்தது. இல்லை, சரியா வந்தது. அவளே குடுக்க வேண்டாமுன்னா அதுவும் இல்லை. கொஞ்சம் இருங்க, கூப்பிடறேன்.

கோகிலா. அம்மிணி. கதவத் தொற கண்ணு. தரகர் இல்லை, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க யாரும் இல்லை. அப்பாதான். ஒரு கையெழுத்து வேணும். சும்மா போட்டுராத, வெளிச்சத்துக்கு வந்து நல்லாப் படிச்சுப் பாத்துட்டுப் போடு. எங்களுக்கெல்லாம் தெரியலை, நீ பாத்துச் சொன்னாத்தான் ஆகும்.